பதினோரு பேர் சொன்னது

அக்காவின் பட்டச் சான்றிதழ் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அந்தப் பக்கம் திரும்பாமல்தான் நான் கூடத்தைக் கடக்கிறேன். ஆணி அடித்து மாட்டியது அத்தான். அந்த மனுஷனுக்கு எதிலும் வெட்கம் கிடையாது.

நாங்கள் குடியேறிய வெளிநாட்டில், ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் அக்கா கண்காணிப்பாளர். அங்கே பாதிப் பேருக்கு ஸ்பானிஷ்தான் தாய்மொழி. அவர்களோடு நாலு வார்த்தை பேசலாமே என்று ஆரம்பித்தவள், ஸ்பானிஷ் பட்டப்படிப்பில் போய் நின்றாள். வேலை விட்டதும் வகுப்பு, பஸ்ஸில் மனப்பாடம் என்று ஐந்து வருஷம் ஓடியது. நாற்பத்து மூன்று வயதில் பாக்கி இருந்தது ஓர் ஆய்வுக் கட்டுரை மட்டும். சலவைத் தொழிலாளர்களிடம் மேலிடம் எப்படிப் பேசுகிறது என்பதைத் தலைப்பாக அவளே எடுத்தாள். முப்பது பேர் பதில் சொன்ன படிவம் வேண்டும், ஒன்று குறைந்தாலும் பட்டம் இல்லை என்றார் நெறியாளர்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பதினோரு பேர்தான் பேச வந்தார்கள். கையெல்லாம் ஈரமும் சோப்புமாக அவர்கள் நின்றபடி சொல்லச் சொல்ல, அக்கா தன் கையாலேயே எழுதினாள். இஸ்திரி மேசையில் வேலை செய்யும் ஓர் அம்மா மட்டும் ஒரு மணி நேரம் பேசினாராம். பதினாறு வருஷத்தில் ஒருத்தர்கூடத் தன்னை உட்காரச் சொன்னதில்லை என்றாராம். என்னிடம் அதைச் சொல்லும்போது அக்கா அழுதுவிட்டாள்.

நெறியாளர் பதினொன்றையும் விரல் நுனியால் எண்ணினார். படிக்கவில்லை.

“மிச்சத்த வீட்ல உக்காந்து ரொப்பிட்டு வாங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க. பேனாவ மட்டும் மாத்திக்குங்க.”

“சீ! அந்தாளு மூஞ்சில முழிக்கவே பிடிக்கலடி,” என்று இரண்டு வாரம் பொருமினாள் அக்கா. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டாள். அவள் எழுதித் தந்த ஸ்பானிஷைப் பார்த்து நான் பச்சை, நீலம் என்று மையையும் கையெழுத்தையும் மாற்றி மாற்றி எழுதினேன். அத்தான் இடது கையால் கிறுக்கினார். நாலைந்து தாளில் காப்பியை வேறு சொட்டினார்.

“தொழிலாளி தொட்ட தாளுன்னா கொஞ்சம் அழுக்கு இருக்கணும்ல?”

நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

கட்டுரைக்கான வாய்மொழித் தேர்வுக்கு நானும் துணைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் படிவங்களை இரண்டு கட்டாகப் பிரித்தார்.

“இந்தப் பத்தொம்பதும் பிரமாதம். கறை கூட இருக்கு பாருங்க. ஆனா இந்தப் பதினொண்ணும் ஒரே கையெழுத்து. வீட்ல உக்காந்து எழுதினதுதானே?”

“இல்ல சார், அவங்க சொன்னாங்க, நான் எழுதினேன்.”

“அப்ப இந்தக் கட்டுல ரெண்டு பேரு, அந்தக் கட்டுல ரெண்டு பேரு, நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. பேசிப் பாத்துடலாம்.”

நெறியாளர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். பத்தொன்பதிலிருந்து கூட்டி வர ஒருத்தர்கூடக் கிடையாதே. உண்மையைச் சொல்லிவிடாதே என்று நான் தலையை ஆட்டினேன்.

“வேணாம் சார்,” என்றாள் அக்கா. “அந்தப் பதினொண்ணும் நானா எழுதினதுதான்.”

“ஒத்துக்கிட்டீங்களே, அது போதும். பத்தொம்பது பேரே தாராளம். எண்ணிக்கையா முக்கியம்? உண்மைதாம்மா முக்கியம்.” பதினொன்றையும் உருவிக் காலடியில் இருந்த குப்பைக் கூடையில் போட்டார். நெறியாளர் கைதட்டினார். எழுந்து போய் அந்த ஆளைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். நானும் அல்லவா கைதட்டித் தொலைத்தேன்!

மறுநாள் வேலையிலிருந்து வந்த அக்கா, பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இஸ்திரி மேசை அம்மா ஓடி வந்து கேட்டாங்கடி, நான் சொன்னத அவங்க படிச்சாங்களான்னு.”

“நீ என்ன சொன்னே?”

“படிச்சாங்க, படிச்சிட்டு ரொம்ப வருத்தப்பட்டாங்கன்னேன். ஸ்பானிஷ்ல. ஒரு தப்பு இல்லாம.”