பற்றுச்சீட்டில் ஒரு பெயர்

நான் பத்தாம் வகுப்புவரை படித்தவன். பத்திரிகைக்கு எழுத எனக்குப் பெரிய தகுதி கிடையாது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலம். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் விற்பனைச் சிட்டை எழுதிக்கொண்டிருந்தேன். பொரளைப் பக்கம் ஆசுபத்திரி ஒன்றில் புற்றுநோயோடு கிடந்த பிள்ளைகளின் மருந்துக்காக, ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையில் வீடு வீடாகப் போய்க் காசு சேர்ப்போம். என்னோடு வருபவர் வேலையிலிருந்து இளைப்பாறிய ஒரு தாதி; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கதைப்பார், நான் பற்றுச்சீட்டு எழுதுவேன். தெரியாத ஆட்களிடம் எனக்கு வாய் வராது.

ஒரு ஞாயிறு அக்கா நேரம் போதாதென்று ஒழுங்கையில் ஒரு பக்கத்து வீடுகளை என்னிடம் விட்டுவிட்டார். முதல் வீட்டு மணியை அடித்தேன். என்னைவிட மூத்த ஒருவர், சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தார். ஐயா, காசு சேர்க்கிறம் என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

யாருக்கென்று அவர் கேட்கவே இல்லை. உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. முன்பே எடுத்து வைத்ததுபோல ஒட்டிய கடித உறை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். நான் வழக்கப்படி பற்றுச்சீட்டுப் புத்தகத்தை விரித்துப் பெயரைக் கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"பேர் வேண்டாம் தம்பி. எழுதாதேங்கோ."

கதவு சாத்தியாயிற்று. எனக்கு ஒரே யோசனை. கேள்வி கேட்காமல் கொடுக்கிற மனிதர் பெயருக்கு ஏன் பயப்படுகிறார்? தர்மத்தை மறைத்துச் செய்கிறவரோ? அடுத்த வீட்டுக்குப் போகாமல், எதிர்ப்பக்கம் நின்ற அக்காவிடம் ஓடினேன். உறையின் தடிப்பைப் பார்த்துச் சிரித்தவர், கதையைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினார்.

"உம்மை ஆரெண்டு நினைச்சவர் தெரியுமே? கப்பம் வாங்க வாற ஆக்களெண்டு."

அந்த நாளில் மிரட்டிக் காசு பறிக்கிற ஆயுதக்காரரும் அப்படிக் கதவு தட்டினார்கள். கொடுக்காவிட்டால் அவர்கள் என்ன செய்வார்களோ என்று பயம். கொடுத்தது எழுத்தில் இருந்தால், அவர்களுக்கு உதவியதாகப் பொலிஸ் பிடிக்குமென்று பயம்.

திரும்பிப் போனோம். இரண்டு பேராகக் கண்டதும் அவர் முந்திக்கொண்டு சொன்னார். "சத்தியமா இவ்வளவுதான் இருக்கு. மகன் டியூசன் முடிஞ்சு வாற நேரம், அவனை ஒண்டும் செய்யாதேங்கோ."

அக்கா பேசுமுன் நானே பேசினேன். அந்த ஆக்கள் நாங்கள் இல்லை, வருத்தக்காரப் பிள்ளைகளின் மருந்துக்காக வந்தோம் என்று, பற்றுச்சீட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருந்த ஆசுபத்திரிக் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டுதரம் வாசித்தார். பின்னால் நின்ற மனைவிதான் முதலில் வாய் திறந்தார்.

"நான் சொன்னனான்தானே, இந்த ஆளைப் பார்த்தா அப்பிடித் தெரியேல்லையெண்டு."

அவர் சங்கிலியைக் கழற்றினார். உறையை என்னிடமிருந்து வாங்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து காசுத்தாள் ஒன்றை எடுத்துத் தந்தார்.

"இப்ப பேரை எழுதுங்கோ. இனிசலோட."

பயந்து கொடுத்ததையும் விரும்பிக் கொடுத்ததையும் அன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இன்றும் யார் வீட்டு மணியை அடித்தாலும், கதவு திறக்குமுன்பே என் பெயரையும் வந்த காரியத்தையும் உரத்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை. நான் கடையில் சிட்டை எழுதினேன், அக்கா சேர்ந்த காசோடு பொரளைக்குப் போனார்.