அண்ணன் வைக்காத கை

என் கூடப்பிறந்த இரண்டு பேரும் அம்மன் சந்நிதியில் எதிரெதிரே நின்று சத்தியத்தால் வழக்கைத் தீர்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று, நான் செத்துப்போயிருந்தால் தேவலை என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருகிற உங்களுக்கு என் வாயைத் தெரியும். அந்த வாயால் அன்று தாயை மட்டும்தான் கூப்பிட்டேன்.

எங்கள் அப்பா பிரிக்பீல்ட்ஸில் மாட்டுவண்டி வைத்துச் செங்கல் ஏற்றினவர். அந்த உழைப்பில் ஒரு வீடும், இங்கே கிள்ளான் பக்கம் ஒரு சின்ன ரப்பர்த் தோட்டமும் வாங்கினார். அம்மா, என் தம்பி சோமுவைப் பெற்ற கையோடு போய்விட்டாள். அண்ணனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. தம்பிக்குச் சங்கில் பால் ஊற்றியது அண்ணி. தோளில் தூக்கித் திரிந்தது அண்ணன். அவர்களுக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை.

அப்பா சாகக் கிடந்தபோது அண்ணனைக் கூப்பிட்டு, "சொத்து மூணு பேருக்கும் பொது. சின்னவன் தலையெடுக்கிற வரைக்கும் நீ பாத்துக்க" என்றார். வக்கீலும் எழுதிக் கொடுத்தார். அதில் அண்ணனுக்கு டிரஸ்டி என்று பேர். எங்களுக்கு அது வாயில் நுழையவில்லை. கோயிலுக்குத் தர்மகர்த்தா மாதிரி என்று யாரோ விளக்கினார்கள். அன்றிலிருந்து அண்ணனை, "என்ன தர்மகர்த்தா, பிரசாதம் எப்போ?" என்று நான் கேலி பண்ணுவேன். அவரும் சிரிப்பார்.

ரப்பர் விலை அடியோடு விழுந்த காலத்தில் அண்ணன் தோட்டத்தை விற்றுவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி தலையெடுத்து, கல்யாணமும் ஆகி, தன் பங்கைக் கேட்டபோதுதான் தெரிந்தது. பணம் எங்கே என்றால், "உன் படிப்பு, உன் கல்யாணம், வீட்டுச் செலவு. எல்லாம் உங்களுக்குத்தான் போச்சு. நான் ஒரு காசு தொடல" என்றார். கணக்கு எழுதும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று ஊர் பேசியது. அண்ணியின் தம்பி ஈப்போவில் கடை வைத்து மூழ்கினான் என்பதும் ஊருக்குத் தெரியும். ஐந்து வயதில் அண்ணன் தம்பி, பத்து வயதில் பங்காளி என்பார்கள். எங்கள் வீட்டில் அது கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் தம்பி என் வீட்டுக்கு வந்து உட்காராமலே சொன்னான்.

"கோர்ட்டுக்கு நான் போகலக்கா. கோயிலுக்கு வரச் சொல்லு. சூடத்த அணைச்சுச் சொல்லட்டும், ஒரு காசு திங்கலன்னு. அப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலேறிப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அணைக்கிறேன்லா. அதுக்கென்ன" என்றார். அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் பொய்ச் சத்தியம் பண்ணப் போகிறார் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துப் பொய் சொன்னவன் குடும்பம் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை நான் அம்மனிடம் தோட்டத்துப் பணத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பங்கு வரட்டும், என் மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று. அந்த ஆடி மாதம் வேண்டுதலை மாற்றினேன். "தாயே, மண் போனால் போகட்டும். உன் முன்னால் என் அண்ணன் வாயில் பொய் வராமல் பார்த்துக்கொள்." ஈரப் புடவையோடு பிரகாரம் சுற்றி அழுதேன். வேறு எதையும் கேட்கவில்லை.

அந்த நாளும் வந்தது. உங்களில் சிலர் அன்று அங்கே நின்றீர்கள். பூசாரி தட்டில் சூடம் ஏற்றினார். வழக்கமாக அணைத்துவிட்டுச் சொல்ல வேண்டியதுதான், முடிந்தது. அண்ணன் கையைத் தூக்கினார். அப்போது பூசாரி, "அந்தக் கை சூடத்துக்கு. இன்னொரு கைய உங்க பிள்ள தலையில வைங்க" என்றார்.

அண்ணி மெதுவாக, "எங்களுக்குப் பிள்ள இல்லீங்க சாமி" என்றாள்.

"பெத்தது இல்லன்னா வளத்தது இருக்கும்ல? அத நிறுத்துங்க."

தம்பியே முன்னால் வந்தான். அண்ணனுக்கு எதிரே நின்று தலையைக் குனிந்தான். "வைங்க" என்றான். அவ்வளவு வீம்பு அவனுக்கு.

அண்ணனின் இடக்கை தம்பியின் தலைக்கு மேலே வந்து நின்றது. முடியைத் தொடவில்லை. பிறகு இரண்டு கைகளையும் இழுத்து மார்போடு வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

"முடியாதுடா. தின்னுட்டேன்டா சோமு. மச்சான் கடைக்குத் தூக்கிக் குடுத்தேன். திரும்பி வந்துடும்னு நெனச்சேன். வரல."

சூடம் யாரும் அணைக்காமல் தானாக எரிந்து முடிந்தது. தம்பி வெளியே போனான். நான் கொடிமரத்தடியில் விழுந்து அழுதேன். துக்கமா, நன்றியா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. பிறகு பூசாரியிடம், "ஏன் சாமி அப்படிக் கேட்டீங்க?" என்றேன். "தெரியல ஆத்தா. நான் யாரையும் அப்படிக் கேக்கறதில்ல. வாயில வந்துச்சு" என்றார். வரவழைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அண்ணனும் தம்பியும் அன்றே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்ல ஆசைதான். நடக்கவில்லை. தம்பி அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அண்ணன் மெலிந்துகொண்டே போனார். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தார், எழவில்லை. கடைசிவரை வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லை என்று ஒரு பங்காளிப் பையனை நிறுத்தப் பார்த்தார்கள். அப்போது தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நாவிதர் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். "நான் இருக்கும்போது வேற யாரு?" என்றான். நான் பக்கத்தில் போய் நின்றேன். மயிர் மடியில் விழ விழ அழுதுகொண்டே சொன்னான்.

"அவரு கைய வெச்சுப் பொய் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்க்கா. மானத்தோட செத்திருப்பாரு. என் தலைக்கு ஆகாதுன்னுதானே வைக்கல?"

தோட்டம் போனது போனதுதான். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் இன்று அண்ணி இருக்கிறாள், தம்பி குடும்பமும் அங்கேதான். பங்கு என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நானும் அம்மனிடம் எனக்கென்று எதையும் கேட்பதை விட்டுவிட்டேன்.

சொத்துக்காகக் கூடப்பிறந்தவர்களோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். சந்நிதிக்கு வாருங்கள். சூடத்தை ஏற்றுங்கள், ஆனால் அணைக்க வராதீர்கள். அது எரிந்து முடிகிற வரை நில்லுங்கள். மற்றதைத் தாய் பார்த்துக்கொள்வாள்.