பாதியில் நிற்கும் கோடு

நான் வசிக்கும் ஸ்டுட்கார்ட்டில் காலையில் ஒரு ரொட்டி வாங்கி முடிப்பதற்குள் நாலைந்து முறை ‘டாங்கெ’ சொல்லியாக வேண்டும். ரொட்டியை எடுத்துக் காட்டியதற்கு, பையில் போட்டதற்கு, சில்லறை தந்ததற்கு, கடைசியில் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் முன்பின் தெரியாதவருக்கு. வந்த புதிதில் ஒன்றை விட்டுவிட்டேன். கடைக்காரப் பெண்மணி பார்த்த பார்வையில், ரொட்டியைத் திருடிக்கொண்டு போகிறோமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் உதவி செய்தவரைப் பார்த்து “சாப்பிட்டுப் போங்க” என்போம். நன்றி என்ற சொல்லைக் கூட்டத்தின் முடிவில் மைக் பிடிப்பவருக்கென்று விட்டுவைத்திருந்தோம்.

போன வருடம் அங்கே தனியாக இருந்த அம்மா குளியலறையில் விழுந்தாள். பக்கவாதம். குழாய் திறந்தபடியே இருந்ததால் தண்ணீர் வாசல் தாண்டிப் போய் எதிர் ஃபிளாட் ஸ்டெல்லா டீச்சரின் மிதியடியை நனைத்தது. அவர் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தார். லிஃப்ட் வழக்கம்போல் ஓய்வில் இருக்க, டீச்சரும் அவர் கணவருமாக அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மாடிப்படிகளில் தூக்கி இறக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். அந்த நேரத்தில் நான் அலுவலகக் காபி இயந்திரம் சரியில்லை என்று புகார் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா பிழைத்தாள். வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. “ம்” ஒன்றுதான் மிச்சம். பகலுக்கும் இரவுக்கும் ஆள் போட்டேன். காலையில் அம்மாவைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி புகட்டும் வேலையை யாரும் கேட்காமலே டீச்சர் எடுத்துக்கொண்டார்.

அலுவலகத் தோழி பிர்கிட்டிடம் இதைச் சொன்னபோது, அந்தப் பெண்மணி எந்த ஏஜென்சி என்று கேட்டாள். ஏஜென்சி இல்லை, எதிர்வீடு என்றேன். அப்படியென்றால் சம்பளம் யார் தருகிறார்கள் என்றாள். ஒருவழியாகப் புரிந்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மதிய இடைவேளையில் என்னை இழுத்துக்கொண்டு போய், ஓரத்தில் தங்கக் கோடு ஓடும் ஒரு நன்றி அட்டையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். நான் தமிழில் நிரப்பினேன்.

அட்டையோடு ஒரு முடிவையும் ஊருக்குக் கொண்டுபோனேன். திருவெறும்பூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் அம்மாவுக்கு இடம் சொல்லிவைத்திருந்தேன். டீச்சருக்கும் அறுபது தாண்டிவிட்டது, மூட்டுவலி வேறு. எத்தனை நாள்தான் அவர் தலையில் கட்டுவது?

அம்மா ஆசாரம் பார்த்தவள். எதிரெதிரே இருந்த அத்தனை வருடத்தில் டீச்சர் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. கிறிஸ்துமஸ் கேக் வந்தால் வாசலோடு வேலைக்காரம்மாவிடம் போய்விடும். தெரிந்துகொண்ட டீச்சர் பிறகு வாழைப்பழமாக அனுப்ப ஆரம்பித்தார். நான் போய் இறங்கிய மறுநாள் காலை, அப்படிப்பட்ட என் அம்மாவின் நெற்றியில் டீச்சர் சிவப்பு ஸ்ரீசூர்ணத்தைக் குழைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். குச்சி குத்திவிடும் என்று கட்டைவிரல் நுனியால். கோணினால் அம்மா “ம்” என்பாள். துடைத்துவிட்டு மறுபடி.

“மாமி லேசுல பாஸ் போட மாட்டாங்க தம்பி,” என்றார். “எனக்கு பயம் வேற. பிள்ளைங்க நெத்தியில சிலுவை போட்டுப் போட்டே பழகின கை. மேலேர்ந்து கீழ வர்ற வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான். குறுக்க போறதுக்குள்ள கையை இழுத்துக்கணும்.”

முறைப்படி அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். அம்மா அந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்திருந்தாள்.

அட்டையைக் கொடுத்தேன். டீச்சர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். முகம் மாறிவிட்டது.

“எங்க பக்கம் அடக்கம் முடிஞ்சப்புறம்தான் இப்படி கார்டு குடுப்பாங்க தம்பி. மாமி இன்னும் இருக்காங்களே.”

அந்த ஊர் வழக்கம் என்று விளக்க ஆரம்பித்தேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு முதியோர் இல்லத்தைப் பற்றிச் சொன்னேன். பேச்சை மாற்றுவதில் எனக்கு அவ்வளவு திறமை.

“அங்க யாரு இவங்களுக்கு இதைப் போட்டுவிடுவாங்க?” என்று மட்டும் கேட்டார்.

அம்மாவின் இடது கை எதையோ பற்றியிருந்தது. பார்த்தேன். டீச்சரின் புடவைத் தலைப்பு. நான் கட்டிலின் மறுபக்கம், கைக்கு எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலையே இல்லத்துக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். டீச்சர் அட்டையைத் திருப்பித் தரவில்லை. “இருக்கட்டும் தம்பி, அதுக்கும் ஒரு நாள் வரும்,” என்று பீரோவில் வைத்துக்கொண்டார். டாக்டரும் இதையேதான் சொல்லியிருந்தார், கொஞ்சம் கூடுதல் ஆங்கிலத்தில்.

கிளம்பும் நாள், அம்மாவுக்குக் கோடு போட்ட கையோடு டீச்சர் வாசலுக்கு வந்தார். “நல்லபடியா போயிட்டு வாங்க” என்று என் நெற்றியில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். குறுக்கே போகவில்லை. பழக்கதோஷம், கையை இழுத்துக்கொண்டுவிட்டார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

ஸ்டுட்கார்ட்டில் இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில் ரொட்டிக் கடையில் நுழைந்தேன். கடைக்காரப் பெண்மணி என் நெற்றியைக் காட்டி, “ரத்தமா?” என்று பதறி ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். வாய் தானாக ‘டாங்கெ’ என்றது. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நெற்றியைத் துடைக்காமல் வெளியே வந்தேன்.