முகமூடிக்காரன் பேசாத காட்சி

அந்த முகமூடிக்காரனை நான் முதலில் பார்த்தது வாலாஜாபாத் பேருந்து நிலையத்துப் பழைய பேப்பர் கடையில். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அட்டை கிழிந்த, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு வெள்ளை காமிக்ஸ். அவனுக்கு நெற்றியிலிருந்து தாடைவரை முகம் முழுக்க மூடியிருக்கும். வாய்க்கு ஓர் ஓட்டைகூடக் கிடையாது. உடைந்த பாலத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, கீழே ஆற்றில் மூழ்குகிற பேருந்தைப் பார்த்து அரைப் பக்கத்துக்குப் பேசுவான். அப்புறம்தான் குதிப்பான். பயந்துகொண்டே குதிக்கலாம், தப்பில்லை என்று எனக்குச் சொன்னவன் அவன்தான்.

இப்போது நான் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற தொழிற்சாலையில், பிரஸ் ஷாப்பில் இருக்கிறேன். தகட்டை டை என்கிற இரும்பு அச்சுக்குள் வைத்து, மேலிருந்து அடித்து வடிவம் எடுக்கிற வேலை. என் மகள் எட்டாவது படிக்கிறாள். அவளுக்கு அதே முகமூடிக்காரன் டிவியில் அனிமேஷனாக வந்து சேர்ந்தான், அதுவும் மூன்று விதமாக. பழையதில் அங்கி மட்டும்தான் ஆடும், ஆள் ஆணி அடித்த மாதிரி நிற்பான். இரண்டாவதில் கட்டுமஸ்தாக வந்து வார்த்தைக்கு வார்த்தை ஜோக் அடிப்பான். மூன்றாவது புதுசு, ஆள் ஒல்லி. காமிக்ஸில் அசையாத அந்த அங்கி டிவியில் அசைந்ததை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. மகளிடம் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, எந்த முகமூடிக்காரன் சரியானவன் என்று நாங்கள் சண்டை போடுகிற நேரம். மனைவி நைட் ஷிப்ட் முடிந்து வந்து உள்ளறையில் தூங்குவாள், அதனால் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருப்போம். மடியில் காமிக்ஸை விரித்துக்கொண்டு நான் தீர்ப்புச் சொல்வேன். என் சட்டம் பிரஸ் ஷாப் சட்டம். அங்கே ஷிப்ட் தொடங்கியதும் முதலில் வருகிற பீஸை அளந்து, சரியாக இருந்தால் மேஜைமேல் வைத்துவிடுவோம். அப்புறம் வருகிறதையெல்லாம் அதோடு ஒப்பிடுவோம். மயிரிழை மாறினாலும் கழிவு போடுகிற சிவப்புத் தொட்டிதான். என் கணக்கில் காமிக்ஸ்தான் முதல் பீஸ். அங்கி நீளம் குறைந்தால் தொட்டி, ஜோக் அடித்தால் தொட்டி. அது தகரத்துக்குச் சரி, மனுஷனுக்கு எப்படிச் சரியாகும் என்று மகள் மல்லுக்கு நிற்பாள். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று உட்கார்ந்திருப்பேன்.

பிரஸ் ஆபரேட்டர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. டை விரிசல் விடப்போகிறது என்றால் அடி விழுகிற ஓசையிலேயே தெரிந்துவிடும். அதைக் கேட்பதற்காக இரைச்சலுக்கு அடைத்திருக்கிற இயர் பிளக்கை ஒரு காதிலிருந்து பிடுங்கிவிடுவோம். சூப்பர்வைசர் வந்தால் செருகிக்கொள்வோம். காதை வைத்தே டையைக் காப்பாற்றுகிறவன் என்று எனக்குப் பெருமை வேறு. இந்த வருஷம் கம்பெனியில் காதைச் சோதித்த டாக்டர், இடது காது போய்விட்டது, வலதில் பாதிதான் மிச்சம், காது கேட்கிற மெஷின் வைத்தே ஆகவேண்டும் என்று சீட்டு எழுதினார். அதைச் சாப்பாட்டுப் பையின் அடியில் போட்டுவைத்தேன். ஊருக்குத் தெரிந்தால் தெரியட்டும், மகளுக்குத் தெரியக் கூடாது என்று இருந்தது. மாறிப்போன எதையும் கழித்துக்கட்ட அவளுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தானே.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் புது அனிமேஷனில் பாலத்துக் காட்சி வந்தது. நல்ல மழை. இத்தனை வருஷம் வெறும் கோடாக இருந்தவன் என் கண்முன்னால் நனைந்துகொண்டு நின்றான். முகமூடியின் தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. குதிக்கும்முன் இடது காலைப் பாதி முன்னால் வைத்து, ஒரு கணம் பின்வாங்கினான். காமிக்ஸிலும் அதே கால். மகள் மற்ற இரண்டு அனிமேஷனிலும் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினாள். அவற்றிலும் அதே கால், அதே தயக்கம். யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து வரைந்தது. அந்த ஒரு பயத்தை மட்டும் ஒருத்தரும் விட்டுவிடவில்லையே என்று மலைத்துப்போனேன். கை தானாகக் கும்பிடப் போனது.

மூன்றில் எந்தக் குரல் ஒசத்தி என்று மகள் கேட்டாள். நான் தயங்காமல் சொன்னேன்.

"புதுசுதான். பாலத்துல நின்னு பேசுனான் பாரு, அந்தக் குரல் ஒண்ணு போதும்."

அவள் என்னையே பார்த்தாள். "அந்த சீன்ல அவன் பேசவே இல்லப்பா."

மடியில் இருந்த பக்கத்தைக் குனிந்து பார்த்தேன். அரைப் பக்கப் பேச்சும் அங்கேதான் இருந்தது. வாய் தெரியாத முகமூடி; அவன் பேசுகிறானா இல்லையா என்று எனக்குத் தெரிய வழியில்லை. பன்னிரண்டு வயதில் படித்ததைத்தான் டிவியில் கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை.

"காது போயிடுச்சு பாப்பா," என்றேன். "இடது சுத்தமா இல்ல. வலது பாதி."

அவள் முகம் எப்படி மாறப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "அப்போ இத்தினி வாரமா இன்னாத்தக் கேட்டுகினு என்னாண்ட சண்ட போட்ட?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுப் படத்தை மறுபடி போட்டுப் பாலத்துக் காட்சிக்கு ஓட்டினாள். எழுந்து எனக்கு வலது பக்கம் வந்து மண்டியிட்டு, இரண்டு கையையும் என் காதைச் சுற்றிக் குவித்தாள்.

"அங்க பேச்சே கிடையாதுப்பா. மழ மட்டுந்தான். இரு, கேளு."

நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு துளி விட்டாள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் பல்லிடுக்கில் காற்றை விட்டு, பாலம் முழுக்க மழையை இறக்கினாள். சூடான மூச்சு காதில் பட்டது. திரையில் அவன் காலை முன்னால் வைத்தபோது மழை வலுத்தது. பின்வாங்கியபோது கொஞ்சம் தணிந்தது. குதித்த நொடியில் சட்டென்று நிறுத்தினாள்.

"இங்க எல்லாமே நின்னுடும். அவனுக்கும் ஒண்ணும் கேக்காது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னொரு வாட்டி போடு என்றேன். அவள் டிவியைத் தொடவே இல்லை. என் காதில் மறுபடியும் முதல் துளியிலிருந்து ஆரம்பித்தாள்.