நான்காவது லேனுக்கு நான் பிடித்த வாட்ச்

என் மகள் பத்து வயதில் நீச்சல் அணியில் சேர்ந்தாள். கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு தனியார் பள்ளியில் இருபத்தைந்து மீட்டர் குளம் உண்டு. காலை ஐந்தரைக்கெல்லாம் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிவிட வேண்டும். நீச்சல் உடையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்து, கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் வாரத்திலேயே கோச் பெற்றோரையெல்லாம் படிக்கட்டில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்: "பசங்க நீந்துவாங்க. மத்ததெல்லாம் நீங்கதான்."

மற்றதெல்லாம் என்றால் நிறைய. போட்டிக்கு வேன் பேசுவது, அவித்த முட்டையும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு போவது, எந்தப் பிள்ளை எந்த லேன் என்று பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்துவது. தோற்றுவிட்டு அழுதுகொண்டு வருகிற பிள்ளை யாருடையதானாலும், கையில் துண்டு வைத்திருப்பவர் போர்த்திவிட வேண்டும். நான் ஒரு மருத்துவமனை லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். அதனாலேயே ஸ்டாப் வாட்ச் என் கைக்கு வந்தது. "ரீடிங் பாக்குற கை, தப்பாது" என்றார் கோச். ஒரே ஒரு விதி வைத்திருந்தார். யாரும் தன் பிள்ளையின் லேனுக்கு வாட்ச் பிடிக்கக் கூடாது.

மூன்றாம் வருடம் கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். என் மகள் வயதுதான். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டும் கூலிகள். அவள் பாசனக் கிணற்றில் நீந்திப் பழகியவள். அவளுடைய பள்ளி விளையாட்டு ஆசிரியர்தான் கோச்சிடம் கொண்டுவந்து விட்டார். முதல் டவுன் பஸ்ஸில் அப்பாவோடு வந்து இறங்குவாள். ஆரம்பத்தில் தலையைத் தூக்கிக்கொண்டேதான் நீந்தினாள். ஆறே மாதத்தில் அதை மாற்றிக்கொண்டாள். என் மகள் தன்னிடம் இருந்த இன்னொரு கண்ணாடியை அவளுக்குக் கொடுத்துவிட்டாள். இருவரும் லேன் கயிற்றில் தொங்கிக்கொண்டு சிரிப்பதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளுடைய நேரம் என் மகளுடைய நேரத்தை நெருங்கத் தொடங்கியபோது அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அப்படித்தான் சொல்ல வேண்டும்.

விழுப்புரத்தில் நடக்கவிருந்த போட்டிக்கு ரிலே அணி வேண்டும். மூன்று பெண்கள் முடிவாகிவிட்டார்கள். நான்காவது இடத்துக்கு இவர்கள் இருவரையும் ஒரு சனிக்கிழமை காலை நீந்த வைத்தார் கோச். போய்த் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். என் மகள் மூன்றாவது லேன். அதற்கு வேறொருவரின் அப்பா வாட்ச் பிடித்தார். நான்காவது லேனுக்கு நான்.

விசில் ஊதியதும் சரியாக அமுக்கினேன். அவர்கள் அந்தப் பக்கம் தொட்டுத் திரும்பும்வரை நான்காவது லேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பத்து மீட்டரில் என் கண் மூன்றாவதுக்குப் போய்விட்டது. என் மகளின் கை சுவரில் படுவதைப் பார்த்தேன். அதன் பிறகுதான் என் கட்டைவிரல் இறங்கியது. குனிந்து பார்த்தால், அந்தப் பெண் ஏற்கெனவே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

கோச் இரண்டு வாட்சையும் வாங்கிப் படித்தார். ஒரு நொடியில் பத்தில் இரண்டு பங்கு வித்தியாசம். என் மகள் முந்தியதாக. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெண்ணின் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். "பரவால்லைங்க. வாட்ச்சு இன்னா பொய்யா சொல்லப்போவுது" என்றார்.

வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது என் மகள் பின்னால் இருந்து சொன்னாள். "ம்மா, அவதான் மொதல்ல தொட்டா. நான் தல தூக்கறப்பவே அவ செவுத்தப் புடிச்சிக்கினு இருந்தா."

"உன் கண்ணாடிக்குள்ள தண்ணி பூந்திருக்கும். உனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

லேபில் ஒரு ரீடிங்கில் சந்தேகம் வந்தால் மறுபடியும் போட்டுப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது. அந்த நாலு நாளும் எத்தனையோ ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். புதன்கிழமை கோச்சிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. ரிலே பட்டியலை எடுத்தார். "பேரை மாத்திக்கலாம்மா. ஆனா அந்தப் பொண்ணு திங்கக்கிழமையில இருந்து வர்ல."

அன்று மாலையே நானும் கோச்சும் போனோம். கோமுகி அணைக்கு இந்தப்புறம், பாதி வெட்டிய ஒரு கரும்புத் தோட்டத்தில் அவர்கள் இருந்தார்கள். அந்தப் பெண் காய்ந்த கரும்புச் சோகைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நான் நடந்ததை அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்ட இன்னாத்துக்குங்க சொல்றீங்க? அதுகிட்ட சொல்லுங்க" என்றார்.

அவளிடம் நான் பேசத் தொடங்குவதற்குள் அவளே சொன்னாள். "எனக்குத் தெரியும் ஆன்ட்டி. தொட்டதும் உங்களத்தான் பாத்தேன். நீங்க அந்தாண்ட பாத்துக்கினு இருந்தீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"வாட்ச் உங்ககிட்டதான இருந்துச்சி."

மன்னிச்சிடும்மா என்றேன். அவள் கோச்சைப் பார்த்து, "மறுபடியும் நீந்திக் காட்டணுமா சார்?" என்று கேட்டாள். "வேணாம். நாளைக்கு வந்துடு" என்றார் அவர்.

வந்தாள். விழுப்புரத்தில் அவள்தான் ரிலேயில் நீந்தினாள். அணி நான்காவதாக வந்தது. என் மகள் கரையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டிருந்தாள். மற்ற பெற்றோர் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வேனில் எனக்குப் பக்கத்து இருக்கையில் மட்டும் யாரும் உட்காரவில்லை. வாட்ச் வேறொருவர் கைக்குப் போயிற்று. அது நியாயம்தான்.

ஒரு வாரம் கழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மகள் சொன்னாள். "நீ லேட்டா அமுக்குனதுகூடப் பரவால்லம்மா. கண்ணாடிக்குள்ள தண்ணின்னு சொன்ன பாரு."

அவள் இன்னும் நீந்துகிறாள். காலையில் அவளை இப்போது அவள் அப்பாதான் கொண்டுபோய் விடுகிறார், அவளே கேட்டுக்கொண்டது. திரும்பி வந்ததும் இன்று எவ்வளவு வந்தது என்று கேட்பேன். "நல்லா வந்துச்சி" என்பாள். எத்தனை நொடி என்று சொல்வதில்லை. நானும் மறுபடி கேட்பதில்லை.