ஒட்டும்வரை அசையவில்லை

மலேசியாவின் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் நாற்பது வீடுகளுக்கு மேல் என் கைப்பட்ட சிமெண்டுப் பூச்சு. பாயான் லெப்பாஸில் மூன்று தொழிற்சாலைகளின் சுவர்கள். ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன் நான். பூச்சுக் கரணை பிடித்த கையாலேயே கட்டட வேலைகளைச் சொந்தமாகக் குத்தகை எடுத்தேன். யாரும் தூக்கிவிடவில்லை.

சாரத்திலிருந்து விழுந்ததில் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்தது. மருத்துவமனையில் உள்ளே கம்பி வைத்து, காலை ஊன்றக் கூடாது என்றார்கள். ஐந்தாம் வாரமே வேலைத்தளத்தில் ஊன்றி நின்றேன். நான் இல்லாவிட்டால் ஆட்கள் சுவரைக் கோணலாகப் பூசிவிடுவார்கள் என்ற பயம்.

ஆறு மாதம் கழிந்தும் வலி போகவில்லை. எக்ஸ்ரே படத்தில் ஒடிந்த இடம் கறுப்புக் கோடாக அப்படியே இருந்தது. இதற்கு நான்-யூனியன் (எலும்பு கூடாமை) என்று பெயர். உங்கள் படத்திலும் அந்தக் கோடு இருந்தால் மேலே படியுங்கள்.

"அங்கிள், எலும்புல ஒரு புரோட்டீன் இருக்கு. புது எலும்பு கட்டுற செல் அதைப் பிடிச்சுத்தான் ஒட்டணும். நீங்க நடந்து நடந்து ஒட்ட விடல" என்றார் டாக்டரம்மா. போன் சயலோபுரோட்டீன் (உயிரணுக்களுக்குப் பிடிமானம் தரும் எலும்புப் புரதம்) என்று தாளில் எழுதியும் கொடுத்தார்.

"வழவழன்னு இருக்குற சுவத்துல பூச்சு நிக்காது லா, அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான். ஒடிஞ்ச எலும்போட ஓரத்தைச் சுரண்டிட்டு, இடுப்பு எலும்புல கொஞ்சம் எடுத்து வைக்கிறேன். இதுவும் ஒட்டாம, கிருமியும் பிடிச்சா, காலை எடுக்குறதப் பத்திப் பேசணும்."

மனைவி சரோஜா விடவில்லை. "ஈரப் பூச்சுல கை வச்சவன என்ன பாடு படுத்துவீங்க! இப்ப உங்க கால்லயே நீங்க ஆட்டம் போட்டுட்டு வந்து நிக்கிறீங்க."

அறுவைக்குப் பின் பன்னிரண்டு வாரம் படுக்கை. ஏழாம் வாரம் மேஸ்திரி அழைத்தான். "அண்ணே, சுவரு ஒரு பக்கம் சாயுது, ஒரே ஒரு தடவ வந்து பாருங்க லா." ஊன்றுகோல் கைக்கெட்டும் தூரத்தில். சரோஜா கடைக்குப் போயிருந்தாள்.

"கோணலாவே இருக்கட்டும்" என்று போனை வைத்தேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

கடைசிப் படத்தில் கறுப்புக் கோட்டின் மேல் வெண்மையாகப் பாலம் விழுந்திருந்தது. இப்போது அடி வைக்கும்போதெல்லாம் ஒரு நொடி நிற்கிறேன். உள்ளே எலும்பு கட்டும் வேலை செய்கிறவர்களுக்கு என் அவசரம் தெரியாது. அவர்கள் முடிக்கும்போதுதான் நாள் முடிகிறது.

டாக்டரம்மா கோப்பில் 'அறுவை வெற்றி' என்று எழுதினார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"புரோட்டீன் ஒட்டுச்சு, நீங்க வச்சீங்க, சரி. காலை ஆடாம பிடிச்சுக் குடுத்தது யாரு, நான்தானே? அதையும் எழுதுங்க, டாக்டரம்மா. எழுதினாத்தான் எந்திரிப்பேன்."