உரப்பானையில் இருபத்திரண்டு துண்டு

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு குப்பை சேர்கிறது என்று யாராவது கேட்டால் கிராம் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அந்தக் கணக்கு சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை.

எல்லாம் ஒரு மனத்தாங்கலில் ஆரம்பித்தது. காலையில் குப்பை வண்டி கொண்டுவரும் அம்மா ஒரு நாள் எங்கள் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு வாங்க மாட்டேன் என்றார். மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் கலந்து கிடந்தன. எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, "படிச்ச வூடு தானே தாத்தா, பிரிச்சுக் குடுக்கக் கூடாதா" என்றார். மேல்விஷாரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். உப்பு மூட்டையோ தோல் பதனிடும் குரோம் மூட்டையோ சாயப் பீப்பாயோ என் கையெழுத்து இல்லாமல் உள்ளே வந்ததில்லை, வெளியே போனதில்லை. அப்படிப்பட்டவன் வீட்டு வாளி திரும்பி வந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றே ஒரு கைத்தராசு வாங்கினேன். கொக்கியில் பையை மாட்டினால் எடை காட்டுவது. முதல் வாரச் சராசரி ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிராம். காய்கறித் தோல், பால் கவர் மூன்று, பிஸ்கட் காகிதம், பிரியாணி வாங்கிய டப்பா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதினேன். பிரியாணிக்கடைக்குத் தூக்கு எடுத்துப் போனேன். மளிகைக்கடைக்குத் துணிப்பை கொண்டுபோனேன். மாடியில் மூன்று மண்பானைகளில் துளை போட்டு, காய்ந்த இலையும் புளித்த மோரும் சேர்த்து, காய்கறித் தோலை உரமாக்கினேன். இரண்டு மாதத்தில் நானூற்றுப் பத்து கிராமுக்கு வந்துவிட்டது. ரிட்டயர் ஆன மனுஷன் குப்பையை நிறுத்துக்கொண்டிருக்கிறான் என்று என் மனைவி தெருவில் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும். எனக்கு முந்நூறு தொட வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே என் மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பி.காம். படித்தவள். என் மகன் ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டு வாரம் ஒரு முறை வருகிறான். குழந்தைக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை என்பதால் இவளால் கம்பெனிக்குப் போக முடியவில்லை. ஷூவின் மேல்பகுதியைக் கையால் தைக்கும் வேலையைத் தானே தேடிப் பிடித்தாள். அப்பர் வேலை என்போம். வெட்டிய தோல் துண்டுகளைக் கட்டுக் கட்டாக ஒரு அம்மா கொண்டுவந்து கொடுப்பார், தைத்ததை வாங்கிப் போவார். இந்த வேலைக்காக எங்கள் தெருவில் மட்டும் ஆறு பெண்கள் காத்திருக்கிறார்கள். போன வருஷம் துண்டுக் கணக்கு ஒத்துவராத ஒருத்திக்கு அதன் பிறகு கட்டே வரவில்லை.

துண்டுக் கணக்கு என்றால், ஊசி இழுத்துக் கிழிந்துபோன துண்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். தைத்ததும் கிழிந்ததும் சேர்ந்து கொடுத்த எண்ணிக்கைக்கு வர வேண்டும். புது மாடல் வந்தால் கை பழகும்வரை துண்டுகள் கிழியும். அவற்றை அவள் ஒரு துணிப்பையில் போட்டு, கதவுக்குப் பின்னால், துடைப்பத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். கை பழகிய பிறகு அந்தப் பையை அவள் தொட வேண்டிய தேவை வரவில்லை.

நான் தொட்டேன். கிழிந்த தோல், துடைப்பத்துக்குப் பக்கத்தில், எத்தனையோ நாளாக. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஆட்டின் மேலிருந்தது தானே, மக்கும் என்று நினைத்தேன். உப்பு போடாத பச்சைத்தோல் ஒரே நாளில் நாறுவதைப் பார்த்த மூக்கு இது. பானையில் கொட்டி இலை போட்டு மூடினேன். பையைத் துவைத்து மளிகைக்கடைக்கு எடுத்துப் போனேன். நோட்டில் எழுதினேன்: தோல் துண்டு, அறுநூற்றுப் பத்து கிராம், மக்கும்.

ஆறு வாரம் கழித்து ஆர்டர் முடிந்தது. மறுநாள் காலை கட்டு கொண்டுவரும் அம்மா வருவதாக இருந்தது. சாயங்காலம் மருமகள் கதவுக்குப் பின்னால் தேடிவிட்டு என்னிடம் வந்து கேட்டாள். உதவி செய்கிற நினைப்பில் நோட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். அவள் வரியைப் படித்தாள்.

"மாமா, அதுல இருவத்தி மூணு பீஸ் இருந்திச்சு."

நான் எடைதான் எழுதியிருந்தேன். எண்ணவில்லை. இதை இப்போது எழுதும்போதும் எனக்குப் புரியவில்லை. வீட்டில் தீக்குச்சியைக்கூட எண்ணுகிறவன் அன்றைக்கு ஏன் எண்ணாமல் விட்டேன்?

மாடிக்குப் போய் மூன்று பானைகளையும் பழைய பாயில் கவிழ்த்தோம். எந்தப் பானையில் போட்டேன் என்பது நினைவில்லை. வாழைப்பழத்தோல் கறுத்து மண்ணாகியிருந்தது. முட்டை ஓடுகூடப் பாதி உதிர்ந்திருந்தது. தோல் துண்டுகள் மட்டும் போட்டபடியே இருந்தன. பழுப்பு நிறம்கூட மாறவில்லை. ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அப்போதுதான் உறைத்தது. குரோம் மூட்டைகளை முப்பத்து நான்கு வருஷம் எதற்காக எண்ணிக் கொடுத்தேன்? தோல் மக்காமல் இருப்பதற்குத்தானே. இது தெரியாதவனா நான்? தெரிந்ததெல்லாம் அன்றைக்கு எங்கே போயிருந்தது?

குழாயடியில் கழுவி எண்ணினோம். இருபத்திரண்டு. அவள் ஒரு தடவை, நான் ஒரு தடவை, என் மனைவி ஒரு தடவை. உரத்தை விரலால் அளைந்து பார்த்தோம். இருபத்திரண்டுதான்.

காலையில் அந்த அம்மா வந்தார். தைத்த கட்டுகளைச் சரிபார்த்துவிட்டு, ஈரத் துண்டுகளை மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார். சாக்கடையில் விழுந்ததா என்று கேட்டார். விழுந்ததுதான் என்று மருமகள் சொல்லியிருக்கலாம். அவள் நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, தோலு மக்குமா? மக்கிச்சுன்னா நம்ம ஊரு ஷூவ எவன் வாங்குவான்?"

என் மனைவி உள்ளே போய்விட்டாள். ஒன்று கம்மி என்று அந்த அம்மா சொன்னார். நான் நோட்டை நீட்டினேன், எடை இருக்கிறதே என்று. துண்டுகளைத் தராசில் மாட்டினேன். ஈரத்தோடு எழுநூற்று எண்பது காட்டியது. இருபத்து மூன்று துண்டு அறுநூற்றுப் பத்து, இருபத்திரண்டு துண்டு எழுநூற்று எண்பது. "தராச வெச்சு பேஜார் பண்ணாதீங்க" என்றார் அந்த அம்மா.

கடைசியில் என்னை எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஒரு துண்டு என் கையால் தொலைந்தது, மருமகள் பொறுப்பல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சூப்பர்வைசரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். அடுத்த கட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது நாள் கட்டு வரவில்லை. மருமகள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கவிழ்த்த உரத்தை என்ன செய்வதென்றும் தெரியவில்லை. தோலோடு கிடந்ததைக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடக் கூடாது என்றாள் மனைவி. குப்பை வண்டி அம்மா அதைப் பார்த்துவிட்டு, இது எந்த வாளியில் சேரும் என்று என்னையே கேட்டார். பதினோரு கிலோ. அந்த வாரச் சராசரியை நான் போடவில்லை.

பத்தாம் நாள் கட்டு வந்தது. முன்பு அறுபது ஜோடி வரும், இது நாற்பது. வந்ததே என்று இருந்தது. இரண்டு நாள் கழித்து மருமகள் கிழிந்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, நோட்டில் எழுதச் சொன்னாள். நான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மக்கும் பக்கத்தில் எழுதினால் பொய். மக்காத பக்கத்தில் எழுதலாமென்றால் இது குப்பையே இல்லை, கம்பெனிச் சரக்கு. கம்பெனியிலும் இதைக் குப்பையில்தான் போடுவார்களாம். எந்தத் தலைப்பில் எழுதட்டும் என்று அவளையே கேட்டேன்.

"தலைப்புலாம் வேணாம் மாமா. நம்பர் மட்டும் போடுங்க."

ஒன்று என்று போட்டேன். அவள் பார்த்துவிட்டு, துண்டை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.